கயிற்றின் மறுமுனை

மூன்று வருஷங்களுக்கு முன் நான் ஒரு பிரயாணக் கட்டுரை எழுதினேன். ஹிமாலயத்தில் எட்டு நாள் சுற்றிவிட்டு வந்த கதை. ரிஷிகேஷில் கோஷ்டியாகச் சேர்ந்து, கோவிந்த்காட் வரை வண்டியில் போய், அங்கிருந்து நடந்து, காங்கரியாவில் தங்கி, மலர்ப் பள்ளத்தாக்கையும் ஹேம்குண்ட் ஏரியையும் பார்த்துவிட்டு இறங்கி, கடைசி நாள் கங்கையில் ரப்பர் படகு விடுவதோடு முடிகிற யாத்திரை. பணத்தைக் கட்டிவிட்டால் வண்டி, படுக்கை, சாப்பாடு, மூட்டை தூக்கும் கோவேறு கழுதை, வழிகாட்டி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். கட்டுரை இரண்டு இதழ்களில் வந்தது. என் மனைவிகூட, "உங்கள் நாவலுக்கு இது தேவலை" என்றாள். அந்த அபிப்பிராயத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன்.

வந்த கடிதங்களில் ஒன்று ஒரே வரியில் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்து ஓய்வுபெற்ற உபாத்தியாயர் ஒருவர் எழுதியிருந்தார்: "உங்களை அழைத்துப் போனவரின் பெயர் என்ன?" அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை கிடையாது.

கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். 'எங்கள் வழிகாட்டி' ஒன்பது இடங்களில் வருகிறான். அதில் ஆறு இடங்கள் ஹாஸ்யத்துக்காக. எவ்வளவு தூரம் என்று கேட்டாலும் "பத்து நிமிஷம்" என்பான். அவன் பத்து நிமிஷம் நமக்கு ஒரு மணி நேரம். அதை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் சிரிக்க வைத்திருக்கிறேன். மற்ற மூன்று இடங்களில் அவன் தேநீர் கொண்டுவருகிறான். பெயர் எங்குமே இல்லை. ஞாபகப்படுத்திப் பார்த்தேன், ஞாபகத்திலும் இல்லை.

நான் நாவல் எழுதுகிறவன். ஆட்களுக்குப் பெயர் வைப்பது என் தொழில். என் கதைகளில் ஒரே ஒரு தடவை வந்து சோடா உடைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவனுக்குக்கூட பெயரும் ஊரும் உண்டு. எட்டு நாள் என் உயிரைக் கையில் வைத்திருந்த ஆளுக்கு மட்டும் ஏன் இல்லாமல் போயிற்று? மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்று தோன்றியது. பிடிபட்டவன் கூட்டாளிகளைத் தேடிப்போவது போலத்தான். அலமாரியில் இருந்த மலைப் புத்தகங்களையும் ஆற்றுப் புத்தகங்களையும் எடுத்து, ஒரு மழைக்காலம் முழுவதும் திரும்பப் படித்தேன். கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான், பிரெஞ்சு தெரியாது. எல்லாம் இங்கிலீஷ் வழியாகத்தான்.

இந்தப் புத்தகங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு சங்கடம் உண்டு. மலையேறுவது வீரச் செயல். ஆனால் வழிகாட்டியோடு ஏறுவது விலைக்கு வாங்கிய காரியம். இரண்டையும் ஒரே கதையில் எப்படிச் சொல்வது? வாங்கியதை ஒப்புக்கொண்டால் வீரம் குறைகிறது. வீரத்தைச் சொன்னால் வாங்கியதை மறைக்க வேண்டியிருக்கிறது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஷாமோனியில் 1821-லேயே வழிகாட்டிகள் சங்கம் ஏற்பட்டுவிட்டது. அதற்கு முந்திய வருஷம் மோன் பிளாங்கில் பனி சரிந்து மூன்று வழிகாட்டிகள் செத்துப்போனதுதான் காரணம். யாருக்கு எந்த வழிகாட்டி என்பதை முறை வைத்து ஒதுக்கினார்கள். அதாவது, பிரபுக்கள் தனிமையில் இயற்கையோடு போராடியதாக எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே, அந்தத் தனிமைக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சங்கடமே இல்லாமல் எழுதியவர்கள் உண்டா என்றால், ஒருத்தி உண்டு. 1863-ல் தாமஸ் குக் முதன்முதலாக ஸ்விட்ஜர்லாந்துக்கு அழைத்துப் போன கோஷ்டியில் ஜெமைமா மாரல் என்ற யார்க்ஷயர் பெண் இருந்தாள். அவள் எழுதி வைத்த குறிப்பு சரியாக நூறு வருஷம் கழித்து, 1963-ல்தான் புத்தகமாயிற்று. தரையைப் பெருக்கும் பாவாடைகளோடு பனியாற்றைக் கடந்த பெண்கள் அவர்கள். டிக்கெட் வாங்கினோம், போனோம், சிரித்தோம், கால் வலித்தது என்று எழுதுகிறாள். வீராங்கனை வேஷம் கிடையாது. பெரிய இலக்கியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொய் இல்லாத புத்தகம்.

இரண்டே வருஷம் கழித்து நடந்ததுதான் மாட்டர்ஹார்ன் விபத்து. எட்வர்ட் விம்பர் அதைப் பற்றி எழுதிய புத்தகம் 1871-ல் வந்தது. மலையேறும் நூல்களில் அதைத்தான் முதலாவதாகச் சொல்கிறார்கள்; நானும் அப்படித்தான் நினைக்கிறேன். விம்பர் மரச்செதுக்கு ஓவியர். படம் வரைய அனுப்பப்பட்டு 1860-ல் மலைக்குப் போனவர், மலையைவிட்டு வெளியே வரவில்லை. 1865-ஆம் வருஷம் ஜூலை 14-ஆம் தேதி ஏழு பேர் சிகரத்தைத் தொட்டார்கள். அவர்களில் மூன்று பேர் வழிகாட்டிகள்: ஷாமோனிப் பக்கத்து மிஷெல் குரோ, ஸெர்மாட்டைச் சேர்ந்த தௌக்வால்டர் தகப்பனும் மகனும். இறங்கும்போது ஹேடோ என்ற அனுபவமில்லாத இளைஞன் வழுக்கினான். நான்கு பேர் போய்விட்டார்கள். கிழவர் தௌக்வால்டருக்கும் அவருக்குக் கீழே இருந்த டக்ளஸ் பிரபுவுக்கும் நடுவில் கயிறு அறுந்தது. மேலே இருந்த மூன்று பேர் பிழைத்தார்கள்.

இந்த அத்தியாயத்தை நான் நாலைந்து தடவை படித்திருக்கிறேன். முன்பெல்லாம் அறுந்த கயிற்றைத்தான் கவனித்தேன். இந்தத் தடவை வேறொன்று கண்ணில் பட்டது. வழுக்குவதற்குச் சற்று முன்னால் குரோ என்ன செய்துகொண்டிருந்தார் என்று விம்பர் சொல்கிறார். குரோ தன் பனிக்கோடரியை ஒரு பக்கம் வைத்துவிட்டார். ஹேடோவின் கால்களைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, ஒவ்வொரு பாதமாக எடுத்து, வைக்க வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். குழந்தைக்குப் படி இறங்கச் சொல்லிக் கொடுப்பது மாதிரி. கோடரியைக் கையில் வைத்திருந்தால் தன்னையாவது காப்பாற்றிக்கொள்ள முயன்றிருக்கலாம். அதைக் கீழே வைத்ததுதான் அவருடைய வேலை. அந்த வேலைக்குத்தான் கூலி.

இதை எழுதினாரே, அதுதான் விம்பரின் பெருமை. வேறு யாராவது எழுதியிருந்தால் இந்த விவரம் விட்டுப்போயிருக்கும். ஆனால் அதே விம்பர் நாலு பக்கம் தள்ளிப் போனதும் வேறு ஆளாகிவிடுகிறார். தௌக்வால்டர்கள் கூலியைப் பற்றிப் பேசினார்கள் என்று எழுதுகிறார். தங்களை அமர்த்திய பிரபு இறந்துவிட்டார், பணம் வராது. அதை ஓட்டல் புத்தகத்தில் எழுதிவைத்தால் அடுத்த வருஷம் தங்களைத் தேடி ஆட்கள் வருவார்கள் என்று கேட்டார்களாம். அருவருப்பாக இருந்தது என்கிறார். இருந்திருக்கும், பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிழவர் கயிற்றை அறுக்கவில்லை என்று ஒரு கையால் விடுவித்துவிட்டு, இருந்தவற்றில் பலவீனமான கயிறு அந்த இடத்தில் எப்படி வந்தது என்று மறு கையால் பிடித்துக்கொள்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. கயிறு கட்டிய நேரத்தில் விம்பர் என்ன செய்துகொண்டிருந்தார்? அவரே சொல்கிறார்: சிகரத்தைப் படம் வரைந்துகொண்டிருந்தார். நல்ல கயிறு நிறைய மிச்சம் இருந்தது என்றும் அவரே சொல்கிறார். அது யார் கொண்டுவந்த கயிறு? விம்பருடையது. கோஷ்டியின் தலைவர்களில் ஒருவர் படம் வரைந்தார். கூலிக்காரன் கயிறு கட்டினான். பழி கட்டியவன் மேல் நின்றது. ஸெர்மாட்டில் நடந்த விசாரணை கிழவரைக் குற்றமற்றவர் என்று விட்டது. அவர் கொடுத்த வாக்குமூலம் பல பத்து ஆண்டுகள் அச்சேறவில்லை. விம்பரின் புத்தகமோ பதிப்பு மேல் பதிப்பாக வந்தது. கிழவர் அமெரிக்காவுக்குப் போய், திரும்பி வந்து, 1888-ல் அதே மலையடிவாரத்தில் செத்துப்போனார். அந்தக் கயிற்றுத் துண்டு இன்றைக்கும் ஸெர்மாட் காட்சிசாலையில் இருக்கிறது.

ஒரு கயிற்றுக்கு இரண்டு முனை. புத்தகம் ஒரு முனையில்தான் எழுதப்படுகிறது.

இருபது வருஷம் கழித்து, 1885-ல், அல்போன்ஸ் டோடே 'ஆல்ப்ஸில் டார்டரன்' எழுதினார். விம்பரின் கதையைத் தலைகீழாக்கி வைத்த நாவல் என்றே அதைப் படிக்கலாம். டார்டரன் தென்பிரான்ஸில் சின்ன ஊர்க்காரர்; குன்றுகளைக் காட்டி மலை என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கழகத்தின் தலைவர். பதவியைக் காப்பாற்றிக்கொள்ள நிஜமான மலைக்குப் போகிறார். அங்கே போம்பார் என்ற ஊர்க்காரர், ஸ்விட்ஜர்லாந்து முழுவதுமே ஒரு பெரிய கம்பெனி நடத்தும் கேளிக்கைச் சாலை என்று காதில் ஓதுகிறார். அருவிகளும் பனியாறுகளும் கம்பெனியின் ஏற்பாடு. பனிப் பிளவில் விழுந்தால்கூட அடியில் சீருடை போட்ட ஆள் நின்று, கோட்டில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்பான். டார்டரன் நம்பிவிடுகிறார். நம்பியதால் பயம் போய்விடுகிறது. பயம் போனதால் யுங்ஃப்ராவ் சிகரத்தில் வழிகாட்டிகளே திகைக்கும்படி சிரித்துக்கொண்டு ஏறுகிறார்!

இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கோவிந்த்காட்டிலிருந்து நான் நடந்தது டார்டரனின் நம்பிக்கையில்தான். பணம் கட்டியிருக்கிறோம், அபாயம் எதுவும் வராது, வந்தாலும் அது ஏற்பாட்டில் சேர்ந்ததாகத்தான் இருக்கும். டோடே சொல்வது பரிகாசம் இல்லை, நிஜம். அவர் காலத்தில் கம்பெனி என்பது கற்பனை. இன்றைக்கு அது ரசீது கொடுக்கிறது.

நாவலின் முடிவை இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்க வேண்டும், சொல்லாமல் இருக்க முடியவில்லை. மோன் பிளாங்கில் டார்டரனும் போம்பாரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஒருவரை ஒருவர் கைவிடுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். ஆபத்து வருகிறது. போம்பார் தனியாக ஊர் திரும்பி, டார்டரனின் வீர மரணத்தைப் பற்றி ஊரே அழும்படி பேசிக்கொண்டிருக்கும்போது டார்டரனே உள்ளே நுழைகிறார். கயிறும் கிடைக்கிறது. இரண்டு முனையிலும் கத்தியால் அறுத்திருக்கிறது. விம்பர் ஒரு அத்தியாயம் முழுக்க வாதாடியதை டோடே ஒரு கயிற்றுத் துண்டில் காட்டிவிட்டார். நாவலாசிரியனுக்கு இருக்கிற சலுகை அது. அவன் இரண்டு முனைக்கும் போய் வரலாம்.

மார்க் ட்வெயின் 1880-லேயே இந்தப் பரிகாசத்தைத் தொடங்கிவிட்டார். பனியாறு நகர்கிறது என்று கேள்விப்பட்டு, மூட்டை முடிச்சோடு அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஊர் போய்ச் சேரக் காத்திருக்கிறார். மோன் பிளாங்க் சிகரத்தைக் காசு கொடுத்துத் தொலைநோக்கி வழியாகவே 'ஏறி' முடிக்கிறார். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. மூடி வைத்தால் ஆள் யாரும் மனசில் நிற்பதில்லை. அவருடைய வழிகாட்டிகள் என் வழிகாட்டிக்கு அண்ணன் தம்பிகள்: சிரிக்க வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மலை போதும், ஆற்றுக்கு வருகிறேன். கொலராடோ ஆற்றில் பெரும் பள்ளத்தாக்கு வழியாகப் படகில் போவது இன்றைக்குப் பணம் கட்டிப் போகும் விடுமுறை. துடுப்பு போடுவது வழிகாட்டி, உட்கார்ந்து நனைவது நாம். 1938-ல் நார்மன் நெவில்ஸ் என்பவர் தாவர சாஸ்திரம் படித்த இரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு போனதிலிருந்துதான் இந்தத் தொழில் பிறந்தது என்பார்கள். 1963-ல் கிளென் பள்ளத்தாக்கில் அணையை மூடிய பிறகு தண்ணீரின் ஏற்ற இறக்கமும் பெரும்பாலும் மதகுக்காரர் கையில். ஆனால் அந்த ஆற்றின் மூல நூல் ஜான் வெஸ்லி பவல் 1875-ல் வெளியிட்டது. உள்நாட்டு யுத்தத்தில் வலது கையை இழந்த மனிதர். 1869-ஆம் வருஷம் மே 24-ஆம் தேதி பத்துப் பேர், நாலு படகு. ஆகஸ்ட் கடைசியில் ஆறு பேர் வெளியே வந்தார்கள். ஒருவன் ஆரம்பத்திலேயே விலகிக்கொண்டான். மூன்று பேர் பயணம் முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் கரையேறி நடந்துபோய்க் கொலையுண்டார்கள்.

பவல் நன்றாக எழுதுகிறவர். பாறைச் சுவர்களின் நிறத்தை வர்ணிக்கும்போது, அந்த மனிதர் பூகர்ப்ப சாஸ்திரியா கவியா என்று சந்தேகம் வந்துவிடும். ஆனால் ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறார். 1871-லும் 72-லும் வேறு ஆட்களோடு இரண்டாம் தடவை போனார். அந்தப் பயணத்தில் நடந்தவற்றில் சிலவற்றை எடுத்து முதல் பயணத்தோடு கோத்து, ஒரே பயணமாக எழுதிவிட்டார். இரண்டாம் தடவை துடுப்பு பிடித்தவர்கள் ஒருவர்கூடப் புத்தகத்தில் இல்லை. கதைக் கட்டுக்கோப்புக்காகச் செய்தார் என்பார்கள். கட்டுக்கோப்பு என்ற வார்த்தையை நானும் பலமுறை உபயோகித்திருக்கிறேன். அதற்கு என்ன விலை, யார் கொடுத்தது என்று யோசித்ததில்லை.

இதே புத்தகத்தில் ஒரு கயிறும் வருகிறது, வினோதமான கயிறு. பவல் ஒரு பாறையில் ஏறி, மேலும் போக முடியாமல், கீழும் வர முடியாமல், ஒற்றைக் கையால் தொங்குகிறார். மேலே இருக்கிற பிராட்லி என்ற படகுக்காரனிடம் கயிறு இல்லை. அவன் தன் நீளக் காலுறை உள்ளாடையைக் கழற்றித் தொங்கவிடுகிறான். பவல் பிடியை விட்டுவிட்டு, விழப்போகும் கணத்தில் அதைப் பற்றுகிறார். நாவலில் வைக்கலாம் போன்ற கட்டம்; மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கிறோம். பிராட்லியும் தினம் தினம் ரகசியமாகக் குறிப்பு எழுதிவந்தான். அது பிற்காலத்தில் அச்சாயிற்று. அவன் முனையிலிருந்து இந்தச் சம்பவம் எப்படி இருக்கிறது தெரியுமா? மேஜருக்கு ஒரு கை, அவரால் ஏற முடியவில்லை, உள்ளாடையைக் கழற்றிக் கொடுத்தேன், நல்ல கயிறாக இருந்தது, ஏறிவிட்டார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அந்தரமும் இல்லை, அதலபாதாளமும் இல்லை. தொங்கியவனுக்கு அது காவியம். இழுத்தவனுக்கு அன்றைய வேலைகளில் ஒன்று. இரண்டில் எது உண்மை என்று கேட்டால் இரண்டும் என்பேன். ஆனால் ஒன்றை மட்டும் படித்தவனுக்கு இரண்டும் கிடைப்பதில்லை.

இப்போது டென்ஸிங்குக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றியதே அவரிடம் வருவதற்குத்தான்.

1953-ல் எவரெஸ்ட் வெற்றியைப் பற்றி ஜான் ஹண்ட் எழுதிய புத்தகத்தில் சிகரத்தைத் தொட்ட அத்தியாயத்தை எழுதியவர் ஹிலரி. கடைசிப் பாறையிடுக்கில் தான் முதலில் ஏறியபின், டென்ஸிங்கைக் கயிற்றால் பலமாக இழுத்ததாகவும், அவர் நெளிந்து நெளிந்து மேலே வந்து, கடலிலிருந்து இழுத்துப் போட்ட பெரிய மீன் போலச் சரிந்ததாகவும் எழுதினார். கெட்ட எண்ணத்தில் எழுதியதாக நான் நினைக்கவில்லை. மூச்சு வாங்குகிற மனிதனைப் பார்த்தால் நானும் மீனைத்தான் தேடியிருப்பேன். எழுத்தாளன் கைக்கு முதலில் அகப்படுவது உவமைதான். டென்ஸிங்குக்கு அது ஏழாவது எவரெஸ்ட் பயணம். அதற்கு முந்திய வருஷமே லாம்பெர் என்ற ஸ்விஸ்காரரோடு ஏறக்குறைய 28,200 அடி வரை போய்விட்டுத் திரும்பியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் 1955-ல் அவருடைய சுயசரிதை வந்தது. அவர் சொல்ல, ஜேம்ஸ் ராம்ஸே உல்மன் என்ற அமெரிக்க நாவலாசிரியர் எழுதினார்.

அந்தப் புத்தகத்தில் டென்ஸிங் மீனை மறுக்கிறார். தான் ஏறியே வந்ததாகவும், கயிறு எப்போதும் போலத்தான் இருந்தது என்றும் சொல்கிறார். இது மட்டும் இருந்தால் ரோஷக்காரர் என்று விட்டிருப்பேன். அதே புத்தகத்தில் இன்னொன்றும் சொல்கிறார். யார் முதலில் கால் வைத்தது என்று இரண்டு வருஷமாக உலகமே அவரைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இந்தியாவும் நேபாளமும் அவர்தான் முதல் என்று கேட்க ஆசைப்பட்டன. இருவரும் ஏறக்குறைய ஒன்றாகப் போனோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது, அதோடு விட்டிருக்கலாம். டென்ஸிங் விடவில்லை. ஹிலரி முதலில், சில அடி பின்னால் நான் என்று தன் வாயால் சொல்லிவிட்டார். மீனாக இருக்க ஒப்புக்கொள்ளாத மனிதர், இரண்டாவதாக இருக்க ஒப்புக்கொண்டார். ஒன்று பொய், ஒன்று மெய். இதைவிட நேர்த்தியான விமரிசன புத்தியை எந்த இலக்கிய ஆசிரியரிடமும் நான் பார்த்ததில்லை. படிப்பாளியான விம்பருக்கு இல்லாத நிதானம் அது.

உல்மன் இடையில் இருக்கிறாரே, எவ்வளவு டென்ஸிங், எவ்வளவு உல்மன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சில வர்ணனைகளில் அமெரிக்க வாசனை அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் மீனைப் பற்றிய கோபம் உல்மனுடையதாக இருக்க முடியாது. அது கயிற்றில் கட்டியிருந்தவருக்குத்தான் தோன்றும்.

இவற்றையெல்லாம் படித்தபின் என் கட்டுரையைத் திரும்பப் படித்தேன். வேறொருவர் எழுதியதாக எண்ணிக்கொண்டு, விமரிசகன் கண்ணோடு படித்தேன். பெயர் இல்லாதது சின்னக் குறை. பெரிய குறை வேறு: கட்டுரையில் நடந்ததெல்லாம் எனக்கு நடக்கிறது, முடிவு செய்வது மட்டும் யார் என்று தெரியவில்லை. ஹேம்குண்ட் ஏறும்போது பாதி வழியில் அரை மணி உட்கார்ந்தோம் என்று எழுதியிருக்கிறேன். அந்த அரை மணியை நான் மேகத்தை வர்ணித்துக் கழித்திருக்கிறேன். உண்மையில் அந்த அரை மணி முழுவதும் அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு வாயே திறக்காமல் நின்றான். திரும்புவதா, போவதா? எங்கள் கோஷ்டியில் அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இருந்தார். ஏரி கிட்டத்தட்ட 4,300 மீட்டர் உயரத்தில். அந்தப் பொறுப்பை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றவன்தான் அன்றைய கதை. நான் அதை விட்டுவிட்டு மேகத்தைப் பிடித்தேன். இது ஒழுக்கத் தவறு என்பதற்கு முன்னால் எழுத்துத் தவறு. என் மாணவன் யாராவது இப்படி எழுதிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆற்றுப் பகுதியிலும் அப்படியே. சிவபுரியிலிருந்து ரிஷிகேஷ் வரை கங்கையில் ரப்பர் படகு. அங்கே நீர்ச்சுழிப்புகளுக்கு 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' என்றெல்லாம் இங்கிலீஷ் பெயர். கங்கைக்கு இப்படிப் பெயரா என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். அதை இப்போதும் நான் வாபஸ் வாங்கப் போவதில்லை. ஆனால் 'நாங்கள் ரோலர் கோஸ்டரை வென்றோம்' என்று ஒரு வாக்கியம் வருகிறது. யார் வென்றது? பின்னால் உட்கார்ந்து துடுப்பைச் சுக்கான் மாதிரி பிடித்தவன், "முன்னே! நிறுத்து! பின்னே!" என்று கத்திக்கொண்டிருந்தான். எங்கள் துடுப்புகள் பாதி நேரம் காற்றில் இருந்தன.

அப்புறம் ஸ்மைத். 1931-ல் காமெட் சிகரத்திலிருந்து இறங்கும் வழியில் மலர்ப் பள்ளத்தாக்கைக் 'கண்டுபிடித்த' பிராங்க் ஸ்மைத், 1937-ல் திரும்பி வந்து, 1938-ல் புத்தகம் எழுதினார். பூக்களின் லத்தீன் பெயர் ஒவ்வொன்றும் அதில் இருக்கிறது. அவரைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். தன்னோடு வந்த ஷெர்ப்பாக்களையும் பெயர் சொல்லி, பிரியமாகவே எழுதுகிறார். பியூந்தார் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்த இடம் அது என்பதுதான் புத்தகத்தின் ஓரத்தில் நின்றுவிடுகிறது. 1982-ல் தேசியப் பூங்கா ஆனபிறகு மேய்ச்சலும் கிடையாது. நான் போனது அக்டோபர் முதல் வாரம். மலர்ப் பள்ளத்தாக்கில் மலர் இல்லை; பழுத்த இலைதான். "ஆகஸ்டில் வந்திருக்க வேண்டும்" என்று அவன் சொன்னதையும் ஹாஸ்யமாகத்தான் எழுதியிருக்கிறேன்.

போன மாதம் ஏற்பாட்டுக்காரர்களுக்குப் போன் செய்து, தேதியைச் சொல்லி, விசாரித்தேன். இரண்டு நாள் கழித்து அவனே பேசினான். என் ஹிந்தி மோசம்; பம்பாயில் இருந்த மைத்துனனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினேன். என்னை நினைவிருக்கிறதா என்றேன். "நோட்டுப் புத்தகம் வைத்திருந்த சாருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டான். கட்டுரையில் அவனைப் பற்றி வரும் இடங்களை மைத்துனன் மொழிபெயர்த்துச் சொன்னான். 'பத்து நிமிஷ'த்துக்குச் சிரித்தான். பத்து நிமிஷம் என்று சொல்லாவிட்டால் பாதிப் பேர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள் என்றான்.

பள்ளத்தாக்கில் ஓடையைத் தாண்டிய பகுதி வந்தது. 'கட்டையின் மேல் நிதானமாக நடந்து அக்கரை சேர்ந்தேன்' என்று எழுதியிருக்கிறேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு மரியாதையாகச் சொன்னான்: போகும்போது கட்டை இருந்தது, திரும்பும்போது தண்ணீர் ஏறி அது போய்விட்டது. சாரை நான்தான் முதுகில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

எனக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. என் பையன்கூட நம்பவில்லை. குளிர்ந்த தண்ணீர் என் பூட்ஸின் அடியைத் தொட்டதும், அவன் கழுத்தில் என் கை இறுகியதும், வலிக்கிறது என்று அவன் சொன்னதும் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தன. எழுதும்போது கட்டை மட்டும்தான் வந்திருந்தது.

பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். இந்தக் கட்டுரையில் போடலாமா என்றும் கேட்டேன். வேண்டாம் என்றான். அன்றைக்கு என்னைத் தூக்கி வந்ததில் நேரமாகிவிட்டது. ஐந்து மணிக்குள் பள்ளத்தாக்கை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது வனத்துறை விதி. நாங்கள் வாசலுக்கு வந்தபோது மணி ஆறாகப் போகிறது. அச்சில் வந்தால் யாராவது பார்ப்பார்கள் என்றான். தமிழில்தானே வருகிறது என்றேன். "தமிழ்க்காரர்கள் நிறைய வருகிறார்கள், சார்" என்றான்.

திருநெல்வேலி உபாத்தியாயருக்குத் தனியாகக் கடிதம் எழுதி, பெயரைத் தெரிவித்திருக்கிறேன்.